அந்த ஆறு பெயர்களையும் வைத்தவள் நான்தான்

நான்தான் எழுதினேன். அருள்தாஸ் எழுதவில்லை.

குமுளியில் எஸ்தர் அக்காவின் ஏலக்காய்க் கிடங்கில், கணினித் திரையில், இன்றைக்கும் இருக்கிற அந்த ஆறு பெயர்களையும் எழுதிய கை இந்தக் கைதான். பழியை அருள்தாஸ் தலையில் போட்ட வாயும் என் வாய்தான். அவனே என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவளும் நானேதான்!

இதைப் படிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் சொல்வதற்கு இதுவரை துணிவு வரவில்லை... இனி வருமா என்றும் தெரியவில்லை.

என் பெயர் பத்மா. கல்பாத்தியில் பிறந்தவள். பாலக்காட்டில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பல வருடங்களாக நிரல் எழுதுகிறேன். அலுவலகத்தில் என்னைப் பற்றி எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து ஒன்று உண்டு. பத்மா சிரிக்க மாட்டாள்! யாராவது வேடிக்கையாகப் பேசினால் நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வேலையைப் பார்க்கலாமா என்று கேட்பேன். ஏன் அப்படி ஆனேன்? சேர்ந்த புதிதில் அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டால் வம்பு குறையும் என்று கண்டுகொண்டேன். பிறகு அந்த முகமே ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் உள்ளே நான் அப்படியில்லை! உள்ளே எனக்கு எந்நேரமும் சிரிப்புதான்... அந்தச் சிரிப்பு வெளியே போக ஓர் இடம் வேண்டாமா? அது போன இடம் எது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

நிரல் எழுதாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய நிரலைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து எழுதுவோம். அப்படி ஒரு வேலைக்கு ஃபங்ஷன் என்று பெயர். ரசம் வைப்பது ஒரு ஃபங்ஷன் என்றால், புளி, மிளகு, உப்பு எல்லாம் வெளியிலிருந்து அதற்குக் கொடுக்க வேண்டியவை. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொன்றுக்கும் எழுதுகிறவர் ஒரு பெயர் வைப்பார். அந்தப் பெயர் எழுதுகிறவரின் வசதிக்காக மட்டும்தான். நாங்கள் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலர், வேலை முடிந்ததும் அந்தப் பெயர்களைத் தூக்கி எறிந்துவிடும். ஓடுகிற நிரலில் அவற்றைத் தேடினாலும் கிடைக்காது.

யோசித்துப் பாருங்கள்... யார் கண்ணிலும் படாத ஓர் இடம். மனதில் தோன்றியதை எழுதலாம். எழுதியதை அழிப்பதற்கும் ஓர் ஆள் தயாராக நிற்கிறது! என்னைப் போன்றவளுக்கு வேறென்ன வேண்டும்?

எஸ்தர் அக்கா எங்கள் வாடிக்கையாளர். குமுளியில் ஏலக்காய் வாங்கி, சுத்தம் செய்து, தரம் பிரித்து அனுப்புகிறவர். பெற்றோர் இல்லாமல், தங்கை ரீனாவைத் தானே வளர்த்து ஆளாக்கியவர். நல்ல மனுஷிதான். ஆனால் தொலைபேசியில் அவர் குரல் வந்தால் எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொரு திசையில் நழுவிவிடுவார்கள். கடைசியில் அகப்படுவது நான். அரை மணி நேரம் வாங்கிக்கட்டிக்கொண்டு, ‘சரி மேடம், பார்க்கிறோம் மேடம்’ என்று முடிப்பேன்.

அவருடைய கிடங்குக்காகத் தரம் பிரிக்கும் ஃபங்ஷனை எழுதியவள் நான். ஏலக்காயின் ஈரம், நிறம், பருமன், எடை, வெடிப்பு, தூசி... இந்த ஆறும் வெளியிலிருந்து வரவேண்டும். ஒருநாள் அவரிடம் செமத்தியாக வாங்கிக்கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நாங்கள் எழுதுகிற கணினி மொழியில் ஒவ்வொரு ஃபங்ஷனையும் இரண்டு இடத்தில் எழுதவேண்டியிருக்கும். வாசலில் ஒரு பெயர்ப்பலகை மாதிரி ஒரு வரி. உள்ளே முழு வேலையும். வாசலில் எல்லாவற்றையும் மரியாதையாக எழுதினேன். உள்ளே...

ஈரத்துக்கு ‘அக்கா_இரக்கம்’ என்று வைத்தேன். குறைவாக இருப்பதுதான் அங்கே நல்லது! நிறத்துக்கு ‘அக்கா_முகம்’. பருமனுக்கு ‘அக்கா_முழி’. எடைக்கு ‘அக்கா_பேச்சு’. தூசிக்கு ‘அக்கா_நன்றி’. வெடிப்புக்கு ‘அக்கா_கோபம்’.

நிரல் பிரமாதமாக ஓடியது. நான் முகத்தை மாற்றாமல், வயிறு குலுங்கச் சிரித்தேன். அது எப்படி என்று கேட்காதீர்கள், பழகிவிட்டது.

இதை அடுத்தவர் பார்த்துவிடுவார்களே என்று பயமில்லையா என்றால், இல்லை. பத்மா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று என் நிரலை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. உம்மணாமூஞ்சிக்கு அப்படி ஒரு சௌகரியம்.

இனி அருள்தாஸைப் பற்றிச் சொல்லவேண்டும்.

குமுளிக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் பிறந்த பையன். எங்களோடு ஐந்து வருடம் வேலை பார்த்தான். நிரல் எழுதுவது என்றால் அவனுக்கு உயிர். ஆனால் பேச்சு மட்டும் வராது. நாம் பத்து வார்த்தை பேசினால் அவன் ‘சரிக்கா’ என்பான். எஸ்தர் அக்காவின் கிடங்குக்குக் கணினி பொருத்தப் போனவன் ரீனாவைப் பார்த்துவிட்டான். ரீனாவும் அவனைப் பார்த்துவிட்டாள். எஸ்தர் அக்காதான் பிடி கொடுக்கவில்லை. வாயைத் திறக்காத பையனுக்கு எப்படித் தங்கையைக் கொடுப்பது, நாளைக்கு நான் ஒரு வார்த்தை அதட்டினால் ஓடிவிட மாட்டானா என்பது அவர் கேள்வி.

ஊரோடு இருந்தாலாவது மனம் மாறுவாரா என்று பார்க்க அருள் வேலையை விட்டான். எங்கள் முதலாளி கந்தசாமி சாருக்கு அவனை விட மனமில்லை. குமுளிப் பக்கத்து வாடிக்கையாளர்களையெல்லாம் அங்கிருந்தே அவன் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போனவர்தான் எல்லாத் தவறுக்கும் காரணம்! எது கெட்டாலும் ‘அதுவா, அவர் எழுதிவிட்டுப் போனது’ என்று சொல்லிவிட்டால் யார் மனமும் புண்படாமல் வேலை நடக்கும். எல்லோருக்கும் இது தெரியும். அருளுக்கும் தெரியும். விடைபெறும் நாளில் கேக்கை வெட்டிவிட்டு அவன், “இனிமே எல்லாத்தையும் எந்தலையில போட்டுக்கோங்கக்கா” என்று சொன்னான். அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

இன்னொன்றும் செய்துவிட்டுப் போனான். பழைய கோப்புகளையெல்லாம் புதிய இடத்துக்கு மாற்றுகிற வேலை என்னுடையது. எனக்குக் காய்ச்சல் என்று, கடைசி வாரத்தில் அதை அவனே செய்து முடித்தான். எந்த வரியை யார் எழுதியது என்று காட்டுகிற கருவி எங்களிடம் உண்டு. அந்தக் கருவி, கோப்பைக் கடைசியாகக் கொண்டுவந்து வைத்தவரின் பெயரைத்தான் காட்டும். என்னுடைய வரிகள் எல்லாவற்றிலும் அவன் பெயர் ஏறிவிட்டது.

அவன் போய்ச் சில மாதங்களில் ஒரு வம்பு வந்தது. திரையில் தெரிகிற ‘ஈரம்’, ‘நிறம்’ எல்லாம் அதுவரை தனியாக ஒரு கோப்பில் கையால் எழுதி வைக்கப்பட்டிருந்தன. யாரோ ஃபங்ஷனின் வரிசையை மறந்து அந்தக் கோப்பில் இடம் மாற்றி எழுதிவிட, ஈரத்தின் எண் நிறத்தின் கட்டத்தில் போய் விழுந்தது. எஸ்தர் அக்காவின் முதல்தரக் காய் ஒரு நாள் முழுவதும் மூன்றாம் தரமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

அப்போதுதான் நான் எங்கள் கம்பைலரில் வந்திருந்த ஒரு புதிய வசதியைப் பற்றிச் சொன்னேன். ரிஃப்ளெக்‌ஷன்! நிரல் உருவாகிற நேரத்திலேயே கம்பைலரிடம், ‘இந்த ஃபங்ஷனுக்கு என்னென்ன வரவேண்டும், அவற்றின் பெயர் என்ன?’ என்று கேட்கலாம். தூக்கி எறிவதற்கு முன்னால் அது பெயர்களை எடுத்துக் கையில் கொடுத்துவிடும். அந்தப் பெயர்களையே திரையில் போட்டுவிட்டால் தனிக் கோப்பு எதற்கு? மறப்பது எப்படி? எங்கள் கணினி மொழியில் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க முடியும் என்பதால் மொழிபெயர்க்கவும் வேண்டியதில்லை.

முதல் சோதனையைச் செய்த காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டே பெயர் கொண்ட ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, கம்பைலரைக் கேட்டேன். அது இரண்டு பெயரையும் அப்படியே திருப்பிச் சொன்னது! இத்தனை வருடம் வாயே திறக்காமல் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்த கம்பைலர் பேசிவிட்டது... எனக்கு எழுந்து ஆடவேண்டும் போலிருந்தது. ஆடவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆனால் அதற்கு ஓர் அடம் உண்டு. வாசலில் ஒரு பெயரும் உள்ளே ஒரு பெயரும் இருந்தால், எதையும் சொல்ல மாட்டேன் என்று நின்றுவிடும். எங்கள் நிரலில் அப்படி நூற்றுக்கணக்கான இடங்கள். ஒவ்வொன்றாகத் திருத்த யாருக்குப் பொறுமை? இரண்டையும் ஒன்றாக்க ஒரு குட்டி நிரல் எழுதினேன். வாசலில் இருப்பதை உள்ளே எழுதுவதா, உள்ளே இருப்பதை வாசலில் எழுதுவதா? வேலை நடப்பது உள்ளேதானே, அதுதான் சரியாக இருக்கும் என்று முடிவு செய்தேன்.

ஐயோ... மூன்று வருடத்துக்கு முன் நானே எழுதிய ஆறு பெயர்கள் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை! ஒரு நொடியில் என் ரகசியச் சிரிப்பு வாசலுக்கு வந்து, அங்கிருந்து திரைக்கு ஏறி, புதன்கிழமை காலை குமுளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அங்கே நடந்ததை ரீனா பிறகு சொன்னாள். அந்தக் கிடங்கில் தவறு வரக்கூடாது என்று எல்லாவற்றையும் உரக்கச் சொல்லித்தான் பதிவு செய்வார்கள். ரீனா திரையைப் பார்த்து ‘ஈரம்?’ என்று கேட்பாள். மேசையில் மாதிரியைச் சோதிக்கிற பெண்கள் ‘பத்து’ என்று கத்துவார்கள். அன்றைக்கும் ரீனா பழக்க தோஷத்தில், படித்ததை யோசிக்காமல், கேட்டிருக்கிறாள்; அந்தப் பெண்களும் வரிசைப் பழக்கத்தில் எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள்.

“அக்கா கோபம்?”

“மூணு!”

“அக்கா நன்றி?”

“ஒண்ணுமே இல்ல!”

எஸ்தர் அக்கா பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாராம்.

பத்து நிமிடத்தில் கந்தசாமி சாருக்குத் தொலைபேசி வந்தது. அவர் கொங்குப் பேச்சு பேசுகிற கொழிஞ்சாம்பாறைக்காரர். எறும்பைக்கூட ‘வாங்க, போங்க’ என்று அழைக்கிறவர். அவரே முகம் சிவந்து என் மேசைக்கு வந்தார்.

“ஏனுங்க பத்மா, அந்தம்மா போன்ல கிழிகிழின்னு கிழிக்கறாங்க. இதெல்லாம் ஆருங்க எழுதுனது?”

கருவியைத் திறந்து காட்டினேன். ஆறு வரியிலும் அருள்தாஸ் பெயர். அங்கேயே நின்றிருக்கலாம். வாயைத் திறந்து பொய் சொல்லவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன்!

“அருள் எழுதினது சார். போறதுக்கு முன்னாடி விளையாட்டா எழுதி வெச்சுட்டுப் போயிருக்கான்.”

கந்தசாமி சார் குனிந்து திரையில் அந்தப் பெயரைப் படித்தார். “நம்ம அருளுங்களா...” என்றார். பிறகு, “இனி அந்தத் தம்பிய நம்ம வேலைக்குக் கூப்பிட வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏன் சொன்னேன்? வேலை போய்விடும் என்ற பயமா? இல்லை, சார் என்னை அனுப்பமாட்டார். நீங்கள் சிரிக்கக்கூடும்... பத்மாவுக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்துவிடுமே என்றுதான் பயந்தேன். என் உம்மணாமூஞ்சியைக் காப்பாற்ற அவன் பிழைப்பைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அருள் கூப்பிட்டான். எஸ்தர் அக்கா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிடங்குக்கு வா, நேரில் கேட்கவேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறாராம். கல்யாணப் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று ரீனா அழுகிறாளாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டான்.

“அக்கா... நீங்கதான எழுதுனது?”

“என்னடா சொல்றாய்? எனக்கொண்ணும் தெரியாது, கேட்டியா” என்றேன்.

“சரிக்கா” என்று வைத்துவிட்டான்.

அந்த ‘சரிக்கா’ என்னைச் சாப்பிட விடவில்லை. வெள்ளிக்கிழமை கந்தசாமி சாரிடம் போய், நானே குமுளிக்குப் போய்த் திருத்திக்கொடுத்து மன்னிப்பும் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். எவ்வளவு பொறுப்பான பெண் என்று அவர் மெச்சினார். சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டேன். வாளையாரில் லாரிகளுக்கு நடுவே பேருந்து நின்ற முக்கால் மணி நேரமும் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்தேன். கோயம்புத்தூர், தேனி, கம்பம் என்று மாறி மாறி, மலையேறிக் குமுளியில் இறங்கும்போது அந்த வாக்கியம் மெருகேறி இருந்தது. ‘எழுதியது நான், அருளுக்கு இதில் சம்பந்தமில்லை.’ அவ்வளவுதான். எட்டு வயதுக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஞாயிறு காலை கிடங்குக்குப் போனேன். சாக்குகளுக்கு நடுவே நாற்காலி போட்டு எஸ்தர் அக்கா உட்கார்ந்திருந்தார். பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவை. எதிரே அருள் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கணினிக்குப் பக்கத்தில் ரீனா, அழுது சிவந்த கண்ணோடு. ஏலக்காய் வாசனை மூக்கை அடைத்தது.

“ஏலே, நீதானா இத எழுதுனது? எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன், நம்புங்கள்! முதல் சொல் நாக்குவரை வந்துவிட்டது...

அருள் திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்து, “ஆமாக்கா, நாந்தான்” என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

எஸ்தர் அக்கா எழுந்து திரையிடம் போனார். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். “தூசிதான் நான் சொல்ற நன்றியா? தூசி அளவுதான் நன்றி சொல்றேனோ நான்?”

அருள் பாவம், “ஆமாக்கா” என்றான்.

முதலில் ரீனாதான் சிரித்தாள். அழுத கண்ணோடு பொத்துக்கொண்டு வந்த சிரிப்பு. அடுத்து எஸ்தர் அக்காவின் தோள் குலுங்கியது. பிறகு அந்தக் கிடங்கே அதிரும்படி ஒரு சிரிப்பு! சாக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்தார்.

“ஊமச்சாமின்னுல்லா நெனச்சேன் ஒன்ன! எம் முன்னால நிக்கவே நடுங்குத பய, உள்ளுக்குள்ள இம்புட்டையும் வச்சிருந்திருக்கான் பாரேன்! கோவமாம், முழியாம்...” என்று சொல்லி மறுபடி சிரித்தார். “இந்த வீட்டுல எங்கிட்ட வாயாட ஒரு ஆளு வேணும்னுதாம்லே இத்தன நாளா தேடிட்டு இருந்தேன்.”

ரீனாவை டீ போடச் சொன்னார். எல்லோருக்கும் டீ, அருளுக்கு மட்டும் கூடவே கேக். அந்த வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம் என்பதை ரீனாவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். நான் திருத்துவதற்காகப் பையிலிருந்து கணினியை எடுத்தேன். எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“மாத்தாதீங்க, அப்படியே கெடக்கட்டும். ஏம்மா, இவ்வளவு நல்லா எழுதியிருக்கான், ஒங்களுக்குச் சிரிப்பே வரலியா? கொஞ்சம் சிரிங்கம்மா!”

சிரித்தேன். எழுதிய நாளுக்குப் பிறகு என் நகைச்சுவைக்கு நான் சிரித்தது அன்றுதான்.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. நானும் போயிருந்தேன். எஸ்தர் அக்கா ஒலிபெருக்கியைப் பிடுங்கி, ஆறு பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, மாப்பிள்ளையின் குறும்பை ஊருக்கே அறிவித்தார். மண்டபம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. ‘அக்கா இரக்கம்’ என்றதும் என் பக்கத்தில் இருந்த பெரியவருக்குப் புரையேறிவிட்டது. நான்தான் அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். உங்களிடம் மறைப்பானேன்... அந்த நேரத்தில் எனக்குக் குற்றவுணர்ச்சியே இல்லை! பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. அத்தனை பேரும் சிரித்தது என் எழுத்துக்கு. கைதட்டல் மட்டும் மேடைக்குப் போனது. எழுந்து நின்று ‘அது நான்’ என்று கத்தவேண்டும் என்று துடித்தேன். பழிக்குப் பயந்து ஒளிந்தவள் பாராட்டுக்கு மட்டும் வெளியே வரத் துடித்தேன்... இதைவிடக் கேவலம் உண்டா, சொல்லுங்கள்!

இப்படி எல்லாம் நன்றாகத்தானே முடிந்தது, பிறகு எதற்கு இந்தப் புலம்பல் என்று கேட்பீர்கள். நானும் அப்படிச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். என் பொய் ஒரு கல்யாணத்தை நடத்திவைத்தது! அந்தக் கிடங்கில் இன்றைக்கும் பெண்கள் ‘அக்கா கோபம் ரெண்டு!’ என்று கத்த, எஸ்தர் அக்கா கல்லாவிலிருந்து ‘கொறச்சலா சொல்லுதியே’ என்று பதிலுக்குக் கத்துகிறார். அதை நினைத்தால் பேருந்தில்கூடத் தனியே சிரிப்பு வருகிறது.

ஆனால் கந்தசாமி சார் அவனைத் திரும்ப அழைக்கவில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம், “வெளையாட்டு இருக்கலாமுங்க, அருளு மாதிரி இருக்கக் கூடாதுங்க” என்கிறார். நான் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து அதைக் கேட்கிறேன். அருள் இப்போது எஸ்தர் அக்காவின் உலர்த்தும் அறையைக் கவனித்துக்கொள்கிறான். நிரல் எழுதுவது நின்றுவிட்டது. ஒருமுறை கேட்டேன், வருத்தமாக இல்லையா என்று. “இங்க நல்லாத்தாங்க்கா இருக்கேன்” என்றான். கொஞ்சம் கழித்து, அந்தப் புதிய கம்பைலரில் பெயர் எடுப்பது இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். ஒரு மணி நேரம் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான்.

போன வருடம் ஒரு மதியம் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது! நான் இருக்கையைவிட்டு எழுந்தே விட்டேன்.

“பேரு நாந்தான் வைக்கணும்னு எஸ்தர் அக்கா ஒத்தக்கால்ல நிக்காங்கக்கா. பேரு வைக்கிறதுல நான் பெரிய கெட்டிக்காரனாம்.” கொஞ்சம் தயங்கினான். “எனக்கு அதெல்லாம் வராதுன்னு ஒங்களுக்குத் தெரியுமேக்கா.”

அவன் குரலில் குத்தல் எதுவும் இல்லை. சந்தோஷத்தில் இருந்தான், உதவி கேட்டான், அவ்வளவுதான். நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ‘எனக்கொண்ணும் தெரியாது’ என்று நான் சொன்னபோதும் தெரியும். கிடங்கில் என்னைத் திரும்பிப் பார்த்தபோதும் தெரியும்...

அப்போது சொல்லியிருக்கலாம். ‘மன்னிச்சுக்கோடா’ என்று ஒரே ஒரு சொல். அலுவலகத்தில் பக்கத்தில் யாரும் இல்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு நாள் டயம் தாடா” என்றேன்.

அந்த இரண்டு நாளில் நான் உழைத்ததுபோல எந்த நிரலுக்கும் உழைத்ததில்லை. எழுதி எழுதி அடித்தேன். வீட்டில் யாரும் இல்லாதபோது உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தேன். கடைசியில் ‘மகிழ் மரியா’ என்று அனுப்பினேன். ‘சூப்பர்க்கா’ என்று பதில் வந்தது.

ஞானஸ்நானத்துக்குக் குமுளிக்குப் போனேன். பங்குச் சாமியார் அந்தப் பெயரைச் சொல்லிக் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது என் உடம்பு சிலிர்த்தது. எஸ்தர் அக்கா பார்த்தவர்களிடமெல்லாம் “எந்தங்கச்சி மாப்பிள வச்ச பேரு!” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அருள் எல்லோருக்கும் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தான். என் இலைக்கு வந்ததும், வழக்கம்போல் ஒன்றும் பேசாமல், இரண்டு கரண்டி கூடுதலாக வைத்துவிட்டுப் போனான்.

சாப்பிட்ட பிறகு ரீனா குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவருக்கு மட்டும் எப்படிக்கா இதெல்லாம் தோணுது? வீட்டுல வாயே தொறக்க மாட்டாரு. எனக்கும் ஒரு பேரு வைங்களேன், கேலி பண்ணுங்களேன்னு தெனமும் கேக்கேன். சிரிச்சுட்டுப் போயிருதாரு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “எம்மேல அந்த அளவுக்குப் பிரியம் இல்லையோன்னு சில நேரம் தோணுதுக்கா” என்றாள்.

குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“அவன் அப்படித்தான்டீ. எல்லாத்தையும் உள்ளேயே வெச்சுண்டிருப்பன். ஒருநாள் அவன் உனக்கும் ஒரு பேரு வெப்பன் பாரு” என்றேன்.

ரீனாவின் முகம் மலர்ந்துவிட்டது. நம்பிவிட்டாள்.